சத்துக்குறைவு என்னும் சௌகரியமான சொல்

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து எந்தச் சாலையில் நடந்தாலும் சிறிது தொலைவுக்குள் ஒரு மருந்துக்கடை வந்துவிடும். கண்ணாடி அடுக்கின் முன்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் நோய்க்கான மருந்துகள் அல்ல. கால்சியம் சிரப், வைட்டமின் சொட்டு மருந்து, பாலில் கலக்கும் மாவு, எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் பொடி ஆகியவையே அங்கே நிற்கின்றன. ஒரு பிள்ளை காலை இழுத்து நடந்தாலோ, முட்டி வலிக்கிறது என்று இரவில் அழுதாலோ, கால் கவட்டையாக வளைந்தாலோ, நம் பக்கத்தில் மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. சத்துக்குறைவு, தண்ணீர்க் கோளாறு, வளருகிற வயதின் வலி. இம்மூன்றும் பல வேளைகளில் உண்மையாகவே இருந்துவிடுகின்றன. அதனாலேயே அவை பொய்யாகிற வேளையை எவரும் கவனிப்பதில்லை.

சில பிள்ளைகளின் எலும்பு நோவுக்குக் காரணம் எலும்பில் இல்லை, சிறுநீரகத்தில் இருக்கிறது. அந்தச் சிறுநீரகக் கோளாற்றுக்குக் காரணம், அப்பிள்ளையின் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே அவ்வுடலைத் தாக்குவது. மருத்துவர்கள் இதனை ஆட்டோஇம்யூன் நோய் என்கிறார்கள். தமிழில் தன்னுடல் தாக்குநோய் என்கிற சொல் வழங்குகிறது. எலும்பு, சிறுநீரகம், எதிர்ப்பு சக்தி என்னும் இம்மூன்று கண்ணிகளையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. முதல் கண்ணியிலேயே ஒரு பெயரைச் சூட்டி நிறைவடைந்துவிடுகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். நாம் மருத்துவர் அல்லோம். மருந்து எழுதித் தருவதற்கும் இல்லை. ஆனால் சொற்களைப் பற்றிய அக்கறை நமக்கு உண்டு. ஒரு சொல் தேடலைத் தொடங்கியும் வைக்கும், முடித்தும் வைக்கும். பிள்ளைகளின் நோயைப் பொறுத்தவரை, தவறான பெயரைச் சூட்டுவதும் சரியான பெயரை மறைப்பதும் ஒரே வகைத் தீங்கைச் செய்கின்றன என்பது நம் துணிபு. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் தண்ணீரின் மீதுள்ள ஐயத்திற்கு நியாயம் செய்துவிடுவோம். அது மூடநம்பிக்கை அன்று. கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி முடங்கிப்போனவர்களை ஆராய்ந்து, காரணம் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடு என்று 1937-இல் எழுதினார்கள். இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் முறையான பதிவு அது. 1973-இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள், ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இளம் வயதினருக்கு முட்டிகள் ஒன்றோடொன்று தட்டும்படி கால்கள் வளைவதை லான்செட் இதழில் விவரித்தார்கள்.

நம் நிலமும் அவ்வகைப்பட்டதே. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஆகிய பகுதிகள் கடும்பாறை நிலம். அப்பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியா முழுமைக்கும் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படுகின்றன என்பது நமக்குப் பெருமைதான். ஆயினும் ஆழம் கூடக் கூட, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீரைத்தான் மேலே கொண்டுவருகிறோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகள் நம் பக்கத்தில் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்னும் சொற்கள் இடம்பெற்றதும், ஜப்பானியக் கடனுதவியோடு அது நிறைவேறி 2013-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்ததும் இக்காரணத்தால்தான்.

எனவே தண்ணீரை ஐயுறுவது தகும். ஆனால் ஐயத்தைத் தீர்ப்பாக்கிவிடுவது தகாது. அஸ்தம்பட்டியில் மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூர்க் காவிரி நீர். அதைக் குடித்து வளரும் பிள்ளைக்குக் கால் வளைந்தாலும் அடுத்த வீட்டார், தண்ணீரை மாற்றிப் பாருங்கள் என்றே சொல்கிறார்கள். கிணற்று நீர் குடிக்கும் ஊரிலோ நிலைமை இன்னும் மோசம். ஊரில் பத்துப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருந்தால், பதினோராவது பிள்ளையின் கால்வலிக்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும் என்கிற எண்ணமே எழுவதில்லை.

சத்துக்குறைவு என்னும் விடையின் கதையும் இதுதான். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ் என்று பள்ளி அறிவியல் நூலில் ஓர் அட்டவணை உண்டு. நாம் அனைவரும் அதை மனப்பாடம் செய்தவர்கள். டி குறைந்தால் ரிக்கெட்ஸ் வரும் என்பது சரி. ரிக்கெட்ஸ் வந்தாலே டி குறைந்திருக்கும் என்று நாம் அதைத் திருப்பிப் படித்துக்கொண்டதுதான் பிழை. எலும்பு இளகுவதற்குச் சிறுநீரகத்தின் வழியாகவும் பாதை இருக்கிறது.

*

அந்தப் பாதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நாம் உண்ணும் உணவு, குறிப்பாகப் புரதம், உடலில் எரிந்து தீரும்போது அமிலம் மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. எஞ்சியதை நாள்தோறும் சிறுநீரில் தள்ளுவது சிறுநீரகத்தின் கடன். வடிகட்டிகளுக்கு அப்பால், சிறுநீர் ஓடும் நுண்குழல்களின் கடைப்பகுதியில், இதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அமிலத்தை இறைத்து வெளியே விடும் பம்புசெட் போன்ற அமைப்பு அவற்றில் உண்டு. அந்தப் பம்பு நின்றுபோனால் அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது. தேங்கிய அமிலத்தைத் தணிக்க உடல் தன் காரக் கையிருப்பைத் தேடுகிறது. மிகப்பெரிய கையிருப்பு எலும்புதான்.

எலும்பு கரைகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் போகிறது. போகிற வழியில் சிறுநீரகத்திலேயே படிந்து கல்லாகவும் சுண்ணாம்புத் திட்டுகளாகவும் ஆகிறது. கூடவே பொட்டாசியமும் ஒழுகிப்போகிறது. பொட்டாசியம் மிகவும் தாழ்ந்தால், இரவில் நன்றாகப் படுத்த பிள்ளை விடியலில் கையையும் காலையும் அசைக்க இயலாமல் கிடக்கும். பக்கவாதமோ, காத்துக் கருப்போ என்று வீடு கலங்கும். பொட்டாசியத்தை ஏற்றியவுடன் சில மணி நேரத்தில் பிள்ளை எழுந்து நடக்கும். வந்தது போலவே போய்விட்டது என்று எல்லோரும் ஆறுதல் அடைந்து வீடு திரும்பிவிட்டால், அடுத்த விடியலுக்கு அந்நோய் காத்திருக்கும்.

இதற்கு மருத்துவர்கள் வழங்கும் சுருக்கப் பெயர் ஆர்.டி.ஏ.; சிறுநீரக நுண்குழல் அமிலத்தேக்கம் எனலாம். லண்டனில் லைட்வுட் என்னும் குழந்தை மருத்துவரும், அமெரிக்காவில் பட்லரும் அவருடைய தோழர்களும் 1935, 1936 ஆண்டுகளில் குழந்தைகளிடம் முதன்முதலாக விவரித்தது. கைக்குழந்தைகளிடம் காணப்படுவது பெரும்பாலும் பிறவிக் கோளாறு. பலருக்குக் காதும் மந்தமாகிவிடும். வளர்ந்த பிள்ளைகளிடம், அதிலும் பெண்பிள்ளைகளிடம், புதிதாக வந்தால் வேறொன்றையும் நினைக்க வேண்டும். அதன் பெயர் ஷோகிரென் நோய்.

ஹென்ரிக் ஷோகிரென் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். கண்ணும் வாயும் உலர்ந்துபோன 19 பெண்களைப் பற்றி அவர் 1933-இல் சமர்ப்பித்த ஆய்வேட்டை அன்றைய பேராசிரியர்கள் பெரிதாக மதிக்கவில்லை. கண்ணீரையும் உமிழ்நீரையும் சுரக்கும் சுரப்பிகளை எதிர்ப்புச் செல்கள் சூழ்ந்து அழிக்கும் நோய் அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதே செல்கள் சிறுநீரக நுண்குழல்களையும் சூழக்கூடும். அப்படிச் சூழ்ந்த இடத்தில்தான் நாம் மேலே சொன்ன பம்பு நின்றுபோகிறது.

பிள்ளைகளிடம் இந்நோய் வேடம் மாற்றிக்கொண்டு வருகிறது. கண் உலர்கிறது, வாய் உலர்கிறது என்று சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பலருக்கு அது தொடக்கத்தில் இருப்பதும் இல்லை. மாறாக, காதுக்குக் கீழே கன்னம் திரும்பத் திரும்ப வீங்குகிறது. நாம் அதைப் பொன்னுக்குவீங்கி என்போம்; தங்கச் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போடுவோம். பொன்னுக்குவீங்கி பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை வந்து போவது. மூன்றாம் முறையும் நான்காம் முறையும் வந்தால் அது வேறு எதுவோ என்று கேட்கத் தோன்ற வேண்டும். உமிழ்நீர் வற்றுவதால் பற்கள் விரைவில் சொத்தையாகின்றன. மிட்டாய் தின்றதால் என்று திட்டு விழுகிறது. நம் பக்கத்திலோ அதற்கும் தண்ணீரே பொறுப்பேற்கிறது.

இந்நோயின் வஞ்சகம் ஒன்றுண்டு. வழக்கமாகக் கிட்னி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் கிரியாட்டினின் அளவு சரியாகவே இருக்கும். சிறுநீரில் புரதம் சிறிதளவே ஒழுகலாம், ஒழுகாமலும் இருக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் தாழ்ந்திருப்பதையும், இரத்தம் அமிலமாக இருக்கையில் சிறுநீர் அமிலமாக மறுப்பதையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கே உண்மை புலப்படும். இவை அரிய பரிசோதனைகள் அல்ல. நடுத்தரமான எந்தப் பரிசோதனை நிலையத்திலும் செய்யக்கூடியவையே. செய்யச் சொல்லி எழுதும் கைதான் வேண்டும்.

மருந்தும் எளிது. அடிப்படையில் காரமும் பொட்டாசியமும்தான். சோடா உப்பும் சிட்ரேட் கரைசலும். (அடுப்படியில் இருக்கும் சோடா உப்பைத் தாமாகவே கொடுத்துவிடலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பொட்டாசியத்தைச் சரிசெய்யாமல் காரத்தைக் கொடுத்தால் பொட்டாசியம் மேலும் சரிந்து இதயம் தடுமாறும்.) முறையாகக் கொடுத்தால் எலும்பு திரும்பவும் இறுகுகிறது, பிள்ளை உயர்கிறது. மூலநோயாகிய எதிர்ப்பின் சீற்றத்துக்குத் தனி மருத்துவம் உண்டு. இதற்கு மாறாக, நோயறியாமல் கால்சியமும் வைட்டமின் டி ஊசியும் மேலும் மேலும் செலுத்தினால், ஏற்கெனவே சுண்ணாம்பு படியும் சிறுநீரகத்தில் இன்னும் சுண்ணாம்பைக் கொட்டியது போலாகலாம். சத்துக்குறைவு என்னும் சொல் தீங்கற்றது என்று நினைக்கிறவர்கள் இதைக் கருத வேண்டும்.

தண்ணீரும் இதுவும் எதிரெதிர் விடைகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுண்குழல் பழுதான பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. ஆகவே நிறையத் தண்ணீர் குடிக்கிறது. அந்நீரில் ஃபுளோரைடு இருந்தால் அதுவும் கூடுதலாக உள்ளே போகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் குறைந்துபோனால் ஃபுளோரைடு வெளியேறாமல் எலும்பில் தங்குகிறது. தண்ணீரைக் குற்றஞ்சாட்டிவிட்டுத் தேடலை நிறுத்துவதற்கு நம் பக்கத்தில் இடமே இல்லை. தண்ணீர் கெட்ட ஊரில்தான் சிறுநீரகத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

*

இரண்டாவது நோயின் பெயர் லூபஸ். இது ஓரளவு அறியப்பட்டது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் கடுமையாக வருவது. லூபஸ் கண்ட பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கோ அதற்கு மேலோ சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். இங்கே பழுதாவது வடிகட்டி. சிறுநீர் நுரைக்கிறது, காலையில் முகம் அதைக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தில் ஊசியால் ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, ஆறு வகுப்புகளில் எது என்று பிரித்த பின்னரே மருத்துவம் துணியப்படுகிறது. ஊசி போட்டால் கிட்னி போய்விடும் என்கிற அச்சத்தில் இச்சோதனையைத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் உண்டு. ஊசியால் இரத்தக் கசிவு நேரலாம் என்பது மெய். அதற்காகவே மருத்துவமனையில் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் வகுப்பறியாமல் கழிகிற மாதங்களில் சிறுநீரகத்துக்கு நேர்கிற இழப்பு அந்த ஊசியினால் நேர்வதைக் காட்டிலும் பெரிது.

எலும்பின் கதை இங்கே வேறு விதமாக நிகழ்கிறது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், மூட்டழற்சியால் முடங்கிய ஒரு பெண்ணுக்குப் பின்னாளில் கார்ட்டிசோன் எனப் பெயர்பெற்ற மருந்தைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. லூபஸ் பிள்ளைகளை மரணத்திலிருந்து மீட்டது இந்த ஸ்டீராய்டு இனமே. அது தன் விலையையும் வாங்கிக்கொண்டது. டுபோய், கோசன் என்னும் இருவர் 1960-இல் ஒன்றைச் சுட்டினார்கள். லூபஸ் நோயாளிகள் சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி, இரத்த ஓட்டம் அற்று, உயிரோடு இருக்கிற உடலில் தனியாகச் செத்துப்போகிறது. நோயும் அதற்கு உயர் அளவில் தரப்படும் ஸ்டீராய்டும் சேர்ந்து செய்கிற வேலை இது. சிறு குழந்தைகளைவிடப் பருவம் எய்தும் வயதினரிடம் மிகுதி.

இதிலும் ஒரு வேடம் உண்டு. இடுப்பு மூட்டின் நோவு பல நேரங்களில் முட்டியில் வலியாகத் தெரிகிறது. நரம்புகளின் உறவு அப்படி. பிள்ளை முட்டியைக் காட்டுகிறது. முட்டியை எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஒன்றும் இல்லை. இடுப்பையே எடுத்தாலும் தொடக்கத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது; எம்.ஆர்.ஐ. மட்டுமே முன்கூட்டிக் காட்டும். படம் நன்றாக இருக்கிறது, வளருகிற வலிதான் என்று அனுப்பப்படும் பிள்ளை, எலும்பின் தலை நொறுங்கித் தட்டையான பிறகு நொண்டிக்கொண்டு திரும்பி வரும். ஸ்டீராய்டு உண்ணும் பிள்ளை முட்டி வலி என்றால் இடுப்பை அசைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் ஒரு காலின் வாழ்நாளைத் தீர்மானிக்கிறது.

போதாததற்கு, லூபஸ் பிள்ளைகளை வெயிலில் விடக்கூடாது. வெயில் பட்டால் நோய் கிளரும். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் சேலத்தில் ஒரு பிள்ளை வெயிலுக்கு ஒளிந்து வாழ்ந்து, அதனால் வைட்டமின் டி குறைந்து, ஸ்டீராய்டினால் முதுகெலும்பும் நொய்ந்துபோகிற முரண் இந்நோயில்தான் உண்டு. இங்கே சத்துக்குறைவு என்பது மெய்யே. ஆனால் அது விளைவு. அதையே காரணமாக்கிப் பேசுவது பிழை.

*

வாசகர்கள் அறிந்த ஒரு பெயரை இங்கே சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர் 1964-இல் தம் 39-ஆம் வயதில் சிறுநீரகம் செயலிழந்து மறைந்தார். அவருடைய நோய் லூபஸ். அவருக்குப் பதினைந்து வயதாகையில், 1941-இல், தந்தையும் அதே நோயில் இறந்திருந்தார். 1950-இன் இறுதியில் மகளுக்கும் அந்நோய் வந்தபோது, தாய் அதன் பெயரை மகளிடமிருந்து மறைத்தார். மூட்டுவாதம் என்றே அவர் நம்பவைக்கப்பட்டார். 1952-இல் ஒரு தோழி வாயிலாகத்தான் உண்மையை அறிந்தார். இடுப்பெலும்பு நலிந்து 1950-களின் நடுவிலிருந்து ஊன்றுகோல்களோடு நடந்தார். சிறுநீரகமும் எலும்பும் ஒருசேரப் பழுதாகிற இந்நோயின் முழுச் சரித்திரமும் அந்த ஒரு வாழ்வில் இருக்கிறது. பெயர் தெரிந்த பிறகு அவர் ஒடுங்கிப்போகவில்லை; மயில்களை வளர்த்தார், நாள்தோறும் காலையில் எழுதினார், தம் நோயைப் பற்றிக் கடிதங்களில் நகைச்சுவையோடு பேசினார். தம் காலம் குறைவு என்று அறிந்தவரின் ஒழுங்கு அது. அறியாமலேயே இருந்திருந்தால் அந்த ஒழுங்கு வாய்த்திருக்குமா என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தத் தாயை நாம் குறை கூறவில்லை. அவர் செய்ததையே நம் வீடுகள் நாள்தோறும் செய்கின்றன. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் வீடுகள். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்னும் கவலையில் நோயின் பெயர் உறவினரிடமிருந்தும் பள்ளியிலிருந்தும் மறைக்கப்படுகிறது. பிறகு பிள்ளையிடமிருந்தே மறைக்கப்படுகிறது. சத்து மாத்திரை என்று சொல்லியே ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது. அந்தப் பெண் பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டும்போது முகம் உப்பி, கன்னத்தில் முடி முளைத்து, வகுப்பில் கேலிக்கு ஆளாகிறாள். தன்னைக் குண்டாக்குவது இந்தச் சத்து மாத்திரைதான் என்பதைத் தானே கண்டுபிடிக்கிறாள். ஒரு நாள் எவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறாள். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உடலின் சொந்தச் சுரப்பு ஈடுகொடுக்காது, உயிருக்கே ஆபத்து. நோயும் சீறி எழும். அவளை நாம் எவ்வாறு குற்றம் சொல்வது? சத்து மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்று அவள் நினைத்ததில் என்ன பிழை? அந்தச் சொல்லைக் கொடுத்தது நாம் அல்லவா?

இன்னொரு சொல்லும் இங்கே தடுமாற வைக்கிறது. எதிர்ப்பு சக்தி என்பது நம் காலத்தில் மந்திரம் போலாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு எல்லாக் கடையிலும் அதை விற்கிறார்கள். பிள்ளை அடிக்கடி படுத்துக்கொண்டால் எதிர்ப்பு சக்தி இல்லை என்பதே தீர்ப்பு. ஆனால் தன்னுடல் தாக்குநோயில் எதிர்ப்பு போதாமல் போகவில்லை, வழி தவறியிருக்கிறது. அதைத் தணிக்க மருத்துவர் ஒரு பக்கம் மருந்து கொடுக்க, கூட்டுவதற்குப் பாட்டி மறுபக்கம் பொடி கொடுக்கிறார். அதே 2020-இல் லூபஸ் பிள்ளைகள் நாள்தோறும் உண்ண வேண்டிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை, கொரோனாவைத் தடுக்கும் என்னும் பேச்சினால் மருந்துக்கடைகளில் கிடைக்காமல் போனது. கொரோனாவுக்கு அதனால் பயனில்லை என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. அந்த நாட்களில் கடை கடையாக ஏறி இறங்கிய பெற்றோரைப் பற்றிப் பேச எவரும் இல்லை. ஏனெனில் அந்த நோய்க்குப் பொதுப்பேச்சில் பெயரே இல்லை. காசநோய் அப்படியன்று. புதுமைப்பித்தனைக் கொண்டுபோன நோய் என்று அதை எங்கள் தலைமுறைக்கும் தெரியும். நம் கதைகளில் அதற்கு இருமல் உண்டு, சளியில் இரத்தம் உண்டு, சானடோரியம் உண்டு. லூபஸுக்கு ஒரு வரிகூட இல்லை.

*

இவையெல்லாம் அரிய நோய்கள், அரியவற்றுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் பொதுவான நோய்களை யார் பார்ப்பது என்று ஒரு வாதம் உண்டு. புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று. காலை இழுக்கும் நூறு பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சாதாரணக் காரணமே இருக்கும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பது மடமை. பிள்ளைகள் அனைவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டுமா என்பதிலேயே உலகம் ஒருமித்து இல்லை. ஜப்பான் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் ஆண்டுதோறும் செய்கிறது. தைவானும் தென்கொரியாவும் பின்தொடர்ந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ, நோய்க்குறி இல்லாத பிள்ளைகளுக்கு அதனால் பயன் குறைவு என்று 2007-இல் அப்பரிந்துரையைக் கைவிட்டது.

நாம் கேட்பது அத்தனை பெரிதன்று. வலி இல்லாத பிள்ளையைத் தேடிப்போகச் சொல்லவில்லை. வலிக்கிறது என்று வந்து நிற்கிற பிள்ளையைத்தான் பார்க்கச் சொல்கிறோம். சில வாரங்களைக் கடந்தும் நீங்காத எலும்பு வலி, புதிதாகத் தோன்றிய நொண்டல், கைக்குழந்தைப் பருவத்தைக் கடந்த பின் வளையத் தொடங்கிய கால், வயதுக்கேற்ற உயரமின்மை ஆகியவற்றோடு ஒரு பிள்ளை வந்தால், டானிக் எழுதுமுன் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். சிறுநீரை ஒரு பட்டைக் குச்சியால் சோதிப்பது. இரத்த அழுத்தம் பார்ப்பது. கிரியாட்டினினோடு பொட்டாசியம், பைகார்பனேட் அளவுகளையும் பார்ப்பது. பிள்ளைகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் சிறிய கைப்பட்டை பல மருத்துவ அறைகளில் இருப்பதே இல்லை என்பது வருந்தத்தக்கது.

அரசின் பள்ளி மருத்துவத் திட்டத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால சுவாஸ்திய காரியக்கிரமம் பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சென்று பார்க்கிறது. நல்ல திட்டம். அதன் முப்பது நோய்ப் பட்டியலில் ரிக்கெட்ஸ் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: குறைபாடுகள் என்னும் தலைப்பின் கீழ், வைட்டமின் டி குறைவு என்னும் பெயரோடு. பள்ளிப் பாடநூலின் அட்டவணை அரசு படிவத்திலும் ஏறி அமர்ந்துகொண்டது. படிவத்தை நிரப்புகிறவர் அந்தக் கட்டத்தில் ஒரு குறியிட்டால் பிள்ளைக்கு நோய்ப்பெயர் கிடைத்துவிடுகிறது. மருந்து கொடுத்தும் மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்று அதே கட்டத்தின் அருகில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஃபுளோரைடு மிகுந்த வட்டாரங்களில் அவ்வரியைத் தடித்த எழுத்தில் அச்சிடட்டும்.

இந்நோய்களை அறிந்தவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூட்டு முடக்கவியலுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. எழும்பூரில் குழந்தைகள் நல நிலையம் இருக்கிறது. 1971-இல் இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவையை வெற்றிகரமாகத் தொடங்கிவைத்த வேலூர் இருக்கிறது. சேலத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. அங்கெல்லாம் போய்ச் சேர்கிற பிள்ளைக்கு இன்று வழி உண்டு. பிள்ளைகளின் லூபஸுக்கென்று புதிய மருந்துகளும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கின்றன. ஸ்டீராய்டின் அளவை விரைந்து குறைப்பதே இன்றைய மருத்துவத்தின் போக்கு. போய்ச் சேருவதற்கு முன் கழிந்துபோகும் ஆண்டுகளைப் பற்றித்தான் நம் கவலை. அந்த ஆண்டுகளைத் தின்பது நோய் மட்டும் அன்று. சத்துக்குறைவு, தண்ணீர், வளருகிற வலி என்னும் மூன்று சொற்களும் கூட.

பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். மருத்துவர் ஒரு பெயரைச் சொன்னால் அதை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். உன்னைக் காக்க வேண்டிய காவல்காரன் ஆள் தெரியாமல் உன்னையே அடிக்கிறான், அவனை அடக்கத்தான் இந்த மாத்திரை, இதனால் முகம் கொஞ்ச நாள் உப்பும், பிறகு வற்றும், நீயாக நிறுத்திவிடாதே என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம், அதற்குப் புரியும். அரசனும் அரக்கனும் மோதும் கதைகளைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இதைவிடச் சிக்கலான பகையையெல்லாம் விளங்கிக்கொள்கின்றன.

எழுதுகிற அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முட்டியைக் காட்டி அழுகிற பிள்ளை, நுரைக்கிற சிறுநீர், சத்து மாத்திரை என்று பொய் சொல்லிக் கொடுக்கிற தாய், அதை ஜன்னலுக்கு வெளியே எறிகிற பெண் ஆகியோர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு நல்ல கதை தமிழில் வரட்டும். அதைப் படித்த ஒரு தாயேனும், டானிக் சீட்டை மடித்து வைத்துவிட்டு, சிறுநீரைச் சோதித்துப் பார்க்கலாமா டாக்டர் என்று கேட்பாரானால், எழுதியவருக்கு அதைவிடப் பெரிய விருது வேண்டியதில்லை.